மெசேஜ்ல போட்ட டேபிள் ஏன் கலையுது?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ரொம்பச் சின்னது மாதிரி தெரியும். ஒரு மெசேஜ்ல டேபிள் போட்டு அனுப்புறது, அவ்வளவுதான். ஆனா இதுல நான் ஒரு தடவை நல்லா மாட்டியிருக்கேன். அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அப்போ நான் வேளச்சேரி பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட்ல இருந்தேன். கீழ்த்தளத்துல தண்ணி, கரண்ட் இல்ல. நாலு பசங்க தண்ணியில இறங்கி மெயின் ரோடு வரைக்கும் போய் எல்லாருக்கும் சாமான் வாங்கிட்டு வர்றதா முடிவாச்சு. யாருக்கு என்ன வேணும்னு லிஸ்ட் எடுக்கிற வேலை எனக்கு. சாஃப்ட்வேர்காரன் ஆச்சே! லேப்டாப்ல கொஞ்சம் சார்ஜ் இருந்தது. ஸ்ப்ரெட்ஷீட்ல வீட்டு நம்பர், பால், தண்ணி கேன், பிரெட், இன்சுலின்னு அஞ்சு காலம் போட்டேன். பார்க்க அழகா இருந்தது. அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல ஒட்டிட்டேன்.

சி-4ல ஒரு பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருந்தாங்க. அவங்க பால், பிரெட் எதுவும் கேக்கல. இன்சுலின் 2 பாட்டில், அது மட்டும்தான். என் ஷீட்ல அந்த வரிசையில மூணு கட்டம் காலி, கடைசிக் கட்டத்துல 2. ஆனா போன்ல தெரிஞ்சது என்னன்னா, சி-4, ஒரு சின்ன இடைவெளி, 2. முதல் காலம் பால்தானே? பசங்க 2 பாக்கெட் பால் வாங்கிட்டு வந்துட்டாங்க. ஏ-2 வீட்டுக்காரர் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தார், அவரோட இன்சுலின் சரியா வந்துடுச்சு. அதனால யாருக்கும் சந்தேகமே வரல.

பாட்டி திட்டல. "தம்பி, நான் பால் கேக்கலயேப்பா"ன்னாங்க. கையில இருந்த மருந்து அன்னைக்கு ராத்திரியோட தீருதுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. இருட்டுல பசங்க மறுபடி தண்ணியில இறங்கினாங்க. இந்தத் தடவை நானும் போனேன். முதல் மெடிக்கல் ஷாப் பூட்டியிருந்தது. அடுத்ததுல கிடைச்சது.

சரி, என்ன நடந்தது? ஸ்ப்ரெட்ஷீட்லேர்ந்து காப்பி பண்ணா கட்டங்கள் வராது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல ஒரு டேப் எழுத்து மட்டும்தான் வரும். டேப்ங்கிறது டைப்ரைட்டர் காலத்துச் சமாச்சாரம். டேபுலேட்டர்ங்கிற பேரோட சுருக்கம். டைப் அடிக்கிறவர் முதல்ல மெஷின்ல எங்கெங்க நிக்கணும்னு நிறுத்தம் வெச்சுடுவார். அந்த பட்டனை அழுத்தினா வண்டி அடுத்த நிறுத்தத்துல போய் நிக்கும். நான் அனுப்பின மெசேஜ்ல "அடுத்த நிறுத்தத்துக்குப் போ"ங்கிற கட்டளை இருந்தது. ஆனா நிறுத்தம் எதுவும் கூட வரல. நாலு டேப்பும் அடுத்தடுத்து நின்னு ஒரே வெத்திடமாத் தெரிஞ்சது.

டேப்பை விட்டுட்டு ஸ்பேஸ் போட்டு நேராக்கலாமேன்னு தோணும். நானும் பின்னாடி பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் 12 எழுத்து அகலத்துக்கு ஸ்பேஸ் போட்டு நிரப்பணும். இங்கிலீஷ்ல பிரமாதமா வந்தது. தமிழ்ல ஒரு வரிகூட நேரா நிக்கல.

காரணம் யூனிகோட். "பால்"னா நமக்கு ரெண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு நாலு: ப, துணைக்கால், ல, புள்ளி. "இன்சுலின்" நமக்கு அஞ்சு, பைத்தான் எண்ணினா ஒன்பது. அதனால பாலுக்குப் பின்னாடி எட்டு ஸ்பேஸ், இன்சுலினுக்குப் பின்னாடி மூணு. கண்ணால எண்ணினா ஒண்ணு பத்து இடம் வருது, இன்னொண்ணு எட்டு. சரின்னு நம்ம எழுத்துக் கணக்குப்படி எண்ண வெச்சாலும் தீராது. "ர" எவ்வளவு ஒல்லி, "ணை" எவ்வளவு அகலம்! மோனோஸ்பேஸ் ஃபாண்ட்ல எல்லா எழுத்தும் ஒரே அகலம்னு சொல்வாங்க. ஆனா அந்த மாதிரி ஃபாண்ட் பெரும்பாலானதுல தமிழே கிடையாது, சிஸ்டம் வேற ஃபாண்ட்லேர்ந்து எடுத்துப் போடும். முன்னாடி ரயில் பெட்டியில ஒட்டின ரிசர்வேஷன் சார்ட் எவ்வளவு நேரா இருக்கும்? பேரெல்லாம் இங்கிலீஷ்ல, எல்லாம் ஒரே அகலம். அதான்.

வாட்ஸ்அப்ல மூணு பேக்டிக் போட்டா மோனோஸ்பேஸ் வருமேன்னு கேப்பீங்க. வரும். ஆனா போன் ஸ்கிரீன்ல வரி நீளமானா மடிஞ்சு அடுத்த வரிக்குப் போயிடும், காலம் மறுபடி காலி. மார்க்டவுன்ல செங்குத்துக் கோடு போட்டு டேபிள் எழுதலாம், அதுல காலிக் கட்டம் காலியாவே தெரியும். எனக்குப் பிடிச்ச வழி அது. ஆனா 2004ல ஜான் க்ரூபர் வெளியிட்ட மூல மார்க்டவுன்ல டேபிளே இல்ல, மத்தவங்க பின்னாடி சேர்த்தது. அதனால ஒரு இடத்துல டேபிளா வரும், இன்னொரு இடத்துல வெறும் கோடாக் கொட்டும்.

ஸ்கிரீன்ஷாட்? நிறைய பேர் அதைத்தான் செய்றாங்க, எனக்கு அதுல கோபமே உண்டு. அதுல இருக்கிற போன் நம்பரை சாதாரண மெசேஜ் மாதிரி நேரடியா காப்பி பண்ணவோ தேடவோ முடியாது, கண் தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடர் வெச்சுப் படிக்கிறதும் கஷ்டம். அன்னைக்கு இருந்த சிக்னல்ல படம் டவுன்லோடே ஆகியிருக்காது.

எங்க அம்மாவோட மளிகை லிஸ்டைப் பாருங்க. "து. பருப்பு 1 கிலோ, ந. எண்ணெய் அரை லிட்டர்." எந்த நம்பரும் தனியா நிக்காது. பொருள் பேரும் அளவும் கூடவே வரும். அதை எப்படி மடிச்சாலும், போன்ல படிச்சுச் சொன்னாலும், பாலா எண்ணெயாங்கிற குழப்பம் வராது.

அன்னைக்கு ராத்திரி திரும்பி வந்ததும் லிஸ்டை அழிச்சிட்டு அந்த மாதிரியே எழுதினேன். மேல தேதி, நேரம். கீழ வீட்டுக்கு ஒரு வரி: "சி-4: இன்சுலின் 2 பாட்டில். பால், தண்ணி, பிரெட் வேண்டாம்." வேண்டாம்ங்கிறதையும் எழுதணும். காலியா விட்டா கேக்க மறந்துட்டாங்களா, தேவையில்லையான்னு படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? மெசேஜ் நீளமாச்சு, அழகா இல்ல. மறுநாள் காலையில பசங்க அதை வெச்சுத்தான் போனாங்க.

பாட்டி அந்த 2 பாக்கெட் பாலைத் திருப்பித் தரல. அதுல எங்களுக்கு காபி போட்டுக் கொடுத்தாங்க.