கோழித் தீனி: காலையில் ஒரு பங்கு, மாலையில் இரண்டு பங்கு

(அப்புத்தளையில் நடந்த சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீட்டுரிமை, சேமலாப நிதி என்று பேசுகிற இடத்தில் இன்று கோழித் தீனியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் இது நம் பிள்ளைகளின் வயிற்றுப் பிரச்சினை. 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் எடுத்தால் அந்தக் கணக்கு 17தான். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வயிற்றை நிரப்பும், பிள்ளையை வளர்க்காது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவு நல்ல புரதம் இருக்கிறது.

அந்த முட்டை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் ரூபாயின் மதிப்பு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து சோளமும் சோயாவும் எடுக்க டொலர் இல்லை. தீனி இல்லாமல் சிறிய பண்ணைகள் மூடின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த நாட்களில் கடையில் முட்டை விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பியவர்களில் நாங்களும் உண்டு. அதன் பிறகுதான் பல லயங்களின் கோடிப்புறத்தில் மறுபடியும் கோழிக்கூடுகள் வந்தன. நல்லது. ஆனால் கூடு வந்த அளவுக்கு முட்டை வரவில்லை. ஏன்?

நாங்கள் செய்த பிழை

மற்றவர்களைச் சொல்லுமுன் எங்கள் கதையைச் சொல்கிறோம். எங்கள் லயத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செம்மண் நிற முட்டைக்கோழிகள் வாங்கினோம். காலையில் பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டிவிட்டுப் போவோம். மாலையில் நினைவு வந்தால் இன்னொரு பிடி சோறு. கொஞ்ச நாள் முட்டை வந்தது. பிறகு தோல் முட்டை வந்தது. பிறகு கோழிகளே முட்டையைக் கொத்திக் குடித்தன. கடைசியில் ஒன்றுமே இல்லை. கண்ணூறு என்றோம், பக்கத்து வீட்டைச் சந்தேகித்தோம், சண்டைகூட வந்தது.

கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, அங்கிருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "என்ன போடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?" பதில் சொல்லும்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது. சோறு மட்டும், நேரம் கிடையாது. கண்ணூறு எங்கள் கையில்தான் இருந்தது.

முதலில் கோழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 70 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். ஆனால் புழு, பூச்சி, புல் விதை என்று பாதித் தீனியைத் தானே தேடிக்கொள்ளும். அதற்குக் கடைத் தீனியை மூட்டை மூட்டையாகப் போட்டால் நட்டம். செம்மண் நிறக் கலப்புக்கோழி நல்ல தீனி கிடைத்தால் வருடத்துக்கு 280, 300 முட்டை இடும். அதற்கு மிச்சச் சோற்றை மட்டும் போட்டாலும் நட்டம். ஒன்று அதற்கு உரிய தீனியைப் போடுங்கள். இல்லையென்றால் நாட்டுக்கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவு இதுதான். கலப்பு முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் முட்டைக்கோழித் தீனி. வெளியில் மேயும் நாட்டுக்கோழிக்கு நாம் போட வேண்டியது 50 கிராம் அளவு. ஐந்து நாட்டுக்கோழி என்றால் கால் கிலோ. தினமும் தராசு தேட வேண்டாம். கடையில் ஒரு தடவை நிறுத்து, ஒரு பால் டின்னில் போட்டு, எது வரைக்கும் வருகிறது என்று ஆணியால் கோடு கீறிவிடுங்கள். அதன் பிறகு வீட்டில் யார் போட்டாலும் ஒரே அளவு.

நேரம்

கோழிக்கு வயிறு தெரியும், வெளிச்சமும் தெரியும். நமக்குக் கொழுந்து நிறுக்கும் நேரம் மாறினால் கோபம் வருகிறதல்லவா? அதற்கும் நேரம் மாறினால் முட்டை குறையும்.

காலையில் ஒரு பங்கு. கூட்டைத் திறந்ததும், பிரட்டுக்குப் போகுமுன், நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கைப் போடுங்கள். வயிறு நிறையப் போட்டால் மேயப் போகாமல் கதவடியில் நிற்கும். அப்புத்தளைப் பனியில் இரவு வைத்த தண்ணீர் சில்லிட்டிருக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் வையுங்கள். ஐந்து கோழிக்கு ஒரு லீற்றர் வேண்டும். தீனியில்லாத நாளை விடத் தண்ணீரில்லாத நாள் கெடுதி.

பகலில் தண்ணீரை ஒரு தடவை பார்க்க வேண்டும். அது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் தாத்தாவின் வேலை.

மாலையில் இரண்டு பங்கு. மலையிலிருந்து வந்து, ஐந்து மணிவாக்கில், இருட்டுமுன் போட வேண்டும். இதுதான் முக்கியமான தீனி. ஏன் என்றால், முட்டை ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தில் வயிற்றில் தானியமும் ஓட்டுத்தூளும் இருக்க வேண்டும். இரவுக் குளிரைத் தாங்கவும் தீனிதான் விறகு. இன்னொரு பலனும் உண்டு. கூட்டுக்குள்ளேயே போட்டால், கூப்பிட்டதும் தானாக வந்து அடையும். கீரிக்கும் மரநாய்க்கும் கொடுக்கிற கோழி மிஞ்சும்.

கூட்டை அடைக்கும்போது கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் நிறைந்து இருக்க வேண்டும்; காலையில் காலியாக இருக்க வேண்டும். மாலையில் காலியென்றால் மற்றக் கோழிகள் அதை விரட்டுகின்றன. காலையிலும் நிறைந்திருந்தால் அது நோய்க்கோழி, பிரித்து வையுங்கள்.

மிச்சத் தீனியை இரவில் விட்டுவைக்காதீர்கள். எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும்.

என்ன போடுவது

மேயும் நாட்டுக்கோழிக்கு நாங்கள் கலக்கும் கணக்கைச் சொல்கிறோம். பத்துக் கிலோவுக்கு: குறுணல் அரிசி அல்லது இடித்த சோளம் 4 கிலோ, தவிடு 2½ கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாத மீன்தூள் 1 கிலோ, சிப்பித்தூள் அல்லது முட்டை ஓட்டுத்தூள் அரைக் கிலோ. இது மேய்ச்சலோடு சேர்ந்த தீனி. அடைத்து வளர்க்கும் கலப்புக்கோழிக்கு இது போதாது. அதற்குக் கடைத் தீனிதான். இரண்டு கிழமைக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வந்துவிடும்.

முட்டை ஓட்டை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி தூளாக்குங்கள். முழு ஓட்டைப் போட்டால் முட்டை குடிக்கப் பழகும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட வேண்டாம். அது குடலைப் புண்ணாக்கும். கோழிக்குப் பல் இல்லை; மணலும் சிறு கல்லும்தான் அதன் பல். அடைத்து வளர்த்தால் ஒரு தட்டில் மணல் வையுங்கள்.

வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி லொறிகள் சந்தையில் விட்டுப்போகும் கோவா இலை, கரட் தழை நல்ல தீனி. மருந்து அடித்திருப்பார்கள், கழுவிப் போடுங்கள். கட்டித் தொங்கவிட்டால் மண்ணில் மிதிபடாது. குப்பைக்குழியைக் கிளறிவிட்டால் மண்புழு கிடைக்கும். அது காசில்லாத மீன்தூள்.

போடக்கூடாதவையும் உண்டு. பச்சை பிடித்த உருளைக்கிழங்கும் அதன் முளையும் நஞ்சு. பட்டர்புரூட்டின் தோல், கொட்டை வேண்டாம். வேகாத போஞ்சி விதை வேண்டாம். தேத்தண்ணிச் சக்கை வேண்டாம். உப்புக் கருவாட்டுத் தலையை ஊறவைத்துக் கழுவாமல் போடாதீர்கள். கோழி உப்பைத் தாங்காது. பூஞ்சணம் பிடித்த எதுவும் வேண்டவே வேண்டாம். "கோழிதானே, தின்னட்டும்" என்பது பெரிய பிழை. பூஞ்சணத்தில் இருக்கும் அப்லாடொக்சின் என்ற நஞ்சு ஈரலை அழிக்கும். நம் ஊர் மூடுபனியில் சாக்கு ஒரே கிழமையில் ஈரம் பிடிக்கும். மூடியுள்ள வாளியில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

ஈர மண்ணில் தீனியை வீசாதீர்கள். எச்சத்தோடு சேர்த்துத் தின்றால் இரத்தக்கழிச்சல் வரும். மூங்கிலைப் பிளந்து தொட்டி செய்யலாம். ஒரு கோழிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் இடமாவது இருந்தால் பலவீனமான கோழியும் தின்னும்.

குஞ்சுகளுக்கு முதல் எட்டுக் கிழமை குஞ்சுத் தீனி. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. தாய்க்கோழி நுழைய முடியாதபடி கூடையைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் போகிற வழி விட்டு உள்ளே வையுங்கள். முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் பருவத்தில்தான் அந்தத் தீனி.

யார் போடுவது

இப்போது நாங்கள் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறோம். காலை நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையை அனுப்பி, மலைக்குப் போய், கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கி வருகிற பெண்ணின் தலையில் கோழியையும் ஏற்றினால், அந்தக் கோழி பட்டினிதான் கிடக்கும். எங்கள் முதல் கோழிகள் கெட்டது அதனால்தான். இரண்டாவது தடவை வேலையைப் பிரித்தோம். காலைத் தீனி அப்பாவுடையது. தண்ணீர் தாத்தாவுடையது. மாலைத் தீனியும் முட்டைக் கணக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுடையது. கொப்பியில் எழுத வேண்டும். அம்மா மேற்பார்வை மட்டும். சகோதரர்களே, வாசலில் நிற்கும் உங்களைத்தான் சொல்கிறோம். டின்னில் கோடு கீறியாகிவிட்டது. அளக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது.

தீனியையும் சேர்ந்து வாங்குங்கள். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமில்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டை தவிடும் ஒரு மூட்டை புண்ணாக்கும் எடுத்தால் சில்லறை விலை மிஞ்சும். மூட்டையும் பூஞ்சணம் பிடிக்குமுன் முடியும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பதும் இரண்டுதான். புல்லுக்கு மருந்து அடிக்கும் மலை எது என்று முதல்நாள் பிரட்டிலேயே சொல்ல வேண்டும். கோழியையும் பிள்ளையையும் அந்தப் பக்கம் விடாமல் வைத்துக்கொள்வோம். லயத்தின் கோடிப்புறத்தில் கூடு கட்ட இடத்தை மறுக்கக் கூடாது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மலையை வளர்த்தவர்களுக்கு ஐந்து கோழி வளர்க்க இடம் கேட்பது பிச்சையல்ல. இந்த இரண்டையும் உங்கள் தோட்டக் கமிட்டி கடிதமாக எழுதிக் கொடுக்கட்டும். பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்குத் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. முட்டை வரத் தொடங்கியதும் கடைக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார். காசு தேவைதான், விற்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதல் முட்டை பிள்ளைக்கு. அடுத்தது வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு. மிஞ்சியது கடைக்கு. கோழிக்கு நேரம் தவறாமல் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் போடத் தவறினால் இவ்வளவு நேரம் பேசியதில் அர்த்தமில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு டின்னை எடுத்துக் கோடு கீறுங்கள்.