புகார் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்?

(திண்டுக்கல்லில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் பேசியதன் சுருக்கம்)



கம்பெனிக் கணக்கு என்றால் அது கணக்கப்பிள்ளை சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 1950ல் பம்பாய் மில் தொழிலாளர் போனஸ் வழக்கில் தொழிலாளர் அப்பீல் டிரிபியூனல் ஒரு சூத்திரம் வகுத்தது. லாபத்தில் தேய்மானம், இயந்திரப் புதுப்பிப்பு, வருமான வரி, போட்ட மூலதனத்துக்கு 6 சதவிகிதம், இவையெல்லாம் போக மிச்சத்தில்தான் போனஸ். அன்றைக்குத்தான் சங்கத்துக்காரன் முதலாளியின் பாலன்ஸ் ஷீட்டைக் கையில் எடுத்து, எங்கே ஊதிக் காட்டியிருக்கிறான் என்று தேட ஆரம்பித்தான்.

இப்போது வேறொரு தினுசு அறிக்கை வந்திருக்கிறது. 'ஒருங்கிணைந்த அறிக்கை' என்று பெயர். லாப நஷ்டம் மட்டும் போதாது; தொழிலாளி, ஊர், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். இதற்கென்று அமைந்த சர்வதேசக் குழு 2013 டிசம்பரில் விதிமுறை வெளியிட்டது. அதன்படி மூலதனம் 6 வகை. பணம், இயந்திரம் கட்டடம், அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை. ஆக, ஸ்பின்னிங்கில் நிற்கிற நீங்களும் மூலதனம், உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் மூலதனம்! யாருக்கு மூலதனம்? விதிமுறையே பதில் சொல்கிறது: பணம் போட்டவர்களுக்கு விளக்கம் சொல்வதே அறிக்கையின் முதல் நோக்கம்.

ஜான் ஃபிளவர் என்ற கணக்கியல் அறிஞர் இதை ஆராய்ந்து 2015ல் எழுதினார். அந்தக் குழுவின் கதை தோல்விக் கதை என்றார். கம்பெனி வெளியாருக்குச் செய்யும் கெடுதல், கம்பெனியைத் திருப்பித் தாக்காத வரையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று எடுத்துக் காட்டினார். நமக்கு இது புரியாத விஷயமா? தோல் ஷாப்புக் கழிவால் திண்டுக்கல் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப் போயின. நஷ்டம் யார் கணக்கில் ஏறியது? விவசாயி கணக்கில், கூலி வேலை இழந்தவன் கணக்கில். 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்ட பிறகுதான் அவர்கள் கணக்கிலும் கொஞ்சம் ஏறியது.

நம் நாட்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017ல் 500 பெரிய கம்பெனிகளை ஒருங்கிணைந்த அறிக்கை தரலாம் என்றது. விரும்பினால் தரலாம், அவ்வளவுதான். 2021ல் புதுப் படிவம் ஒன்று வகுத்து, 2022-23 முதல் 1000 பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கியது. அந்தப் படிவம் மோசமில்லை, நியாயத்தைச் சொல்ல வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எத்தனை, நிரந்தரம் அல்லாதவர் எத்தனை, சங்கத்தில் எத்தனை பேர், விபத்து எத்தனை, பாலியல் தொந்தரவுப் புகார் எத்தனை என்றெல்லாம் கேட்கிறது.

ஆனால் நம் வட்டாரத்து நூல் மில்களில் பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இல்லாதவை. அவற்றுக்கு இந்தப் படிவமே கிடையாது. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, சரக்குக் கொடுக்கும் மில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்ற விதியையும் 2025ல் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. தொந்தரவே இல்லை என்பது ஒன்று. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்பது மற்றொன்று. எது என்று காகிதம் சொல்லாது.

நம் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். மேற்பார்வையாளர் மீது வழக்கு. அங்கிருந்து துணி வாங்கிய எச் அண்டு எம், வருஷா வருஷம் தொழிலாளர் நலனைப் பற்றி அறிக்கை அச்சிடுகிற கம்பெனிதான். அச்சிட்ட காகிதம் அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. சக தொழிலாளிப் பெண்கள் வாய் திறந்தார்கள். பெண்கள் தலைமையிலுள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் கம்பெனியும் எச் அண்டு எம்மும் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் குறையும் என்பது ஷரத்து. ஒவ்வொரு பிரிவிலும் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை நியமித்தார்கள். முதல் வருஷத்தில் 185 குறைகள் பதிவாயின, பெரும்பாலானவை தீர்ந்தன.

பங்குச் சந்தைக்காரன் கண்ணுக்கு 185 என்பது கெட்ட நம்பர், பூஜ்யம்தான் அழகு. நமக்கு? அத்தனை முறை ஒரு பெண் பயமில்லாமல் வாய் திறந்திருக்கிறாள்.

அதனால் அறிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உங்கள் மில் பங்குச் சந்தையில் இருந்தால் அதன் அறிக்கை பகிரங்கமானது, காசில்லாமல் கிடைக்கும். காண்டிராக்ட் ஆள் எத்தனை என்று அதில் போட்டிருக்கிறான், ஷிப்டு விடும்போது கேட்டில் எத்தனை பேர் வெளியே வருகிறார்கள், இரண்டையும் ஒத்துப் பாருங்கள். சென்ற வருஷம் விரல் போனவர் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விபத்துக் கட்டத்தில் இருக்கிறாரா என்று தேடுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது சம்பளச் சீட்டையும் எடுத்து வாருங்கள். ஒரு அறிக்கையை முழுதாகப் பிரித்து, வரி வரியாகச் சேர்ந்து படிப்போம்.