படிவமும் பேச்சும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இத்தனை பொறியியலாளர்கள் இருக்கும் சபையில் பெரிய குழுக்களின் வேலைமுறை பற்றி ஒரு வைத்தியர் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் பொறியியல் திட்டமும் சத்திரசிகிச்சைக் கூடமும் அடிக்கடி ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன.

நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஓர்பிற்றர்’ விண்கலம் 1998 டிசெம்பரில் ஏவப்பட்டது. 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் உந்துகையின் அளவை இறாத்தல் கணக்கில் கொடுத்தது. பெற்றவர்கள் அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 4.45 மடங்கு. அலகு எழுதாத விடைக்குப் புள்ளி தராத எங்கள் பௌதிகவியல் ரீச்சர்மார் இதற்கு என்ன சொல்வார்களோ!

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. விசாரணைச் சபையின் அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. கணக்குப் பொருந்தவில்லை என்பதை வழிகாட்டும் குழுவினர் பயணத்தின்போதே கவனித்திருந்தார்கள். மின்னஞ்சலில் பேசியும் கொண்டார்கள். ஆனால் பிரச்சினையைப் பதிந்து, அது தீரும்வரை பின்தொடர்வதற்கென்று இருந்த முறையான ஏற்பாட்டைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. பதிந்திருந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கும்.

அங்கே பேச்சு இருந்தது, படிவம் இல்லை. எங்கள் துறையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் 19 விடயங்கள் கொண்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களில் பரீட்சித்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது. பின்னர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 101 வைத்தியசாலைகளில் பட்டியல் வருவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிட்டார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தெரியவில்லை. இத்தனைக்கும் பட்டியலை ஏறக்குறைய எப்போதும் பயன்படுத்துவதாகவே வைத்தியசாலைகள் அறிவித்திருந்தன.

காரணம் பற்றிப் பலரும் வாதாடினார்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன்: கட்டத்துக்குள் சரி போடுவது சுலபம். வெட்டுமுன் எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டு. தினமும் காணும் முகங்களுக்கு முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், தாண்டிவிடத் தோன்றும். ஆனால் தன் பெயரைச் சொல்லி ஒருமுறை வாய்திறந்த இளம் தாதிக்கு, பத்து நிமிடம் கழித்து “டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இராது. அந்த ஒரு சொல்லில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.

எங்கள் தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கு வரிசையும் நேரமும் அழகான கையெழுத்தும் நன்றாகவே பழக்கினார்கள். பெரியவர்களை இடைமறித்துக் கேட்கப் பழக்கியது குறைவு. இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் குழுக்களை நடத்துபவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்தில், ஆகப் பிந்திச் சேர்ந்தவரை முதலில் பேசவிடுங்கள். நீங்கள் முதலில் கருத்துச் சொன்னால் அவர் அதற்குத் தலையாட்டத்தான் செய்வார். அவர் சொன்ன ஐயத்தை யார், எந்தத் திகதிக்குள் பார்ப்பது என்பதை எழுந்து போகமுன் எழுதிவிடுங்கள்.