ஸ்டேஷன் சொல்வதுதான் செய்தியா?

(சீத்தா கேம்பில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கோ ஒரு சிற்றூரில் நிருபரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் அதற்குச் சீத்தா கேம்பில் எதற்குக் கூட்டம் என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

1976 மே 17. நெருக்கடி நிலைக் காலம். மான்குர்டு ஜனதா காலனி அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு வேண்டும் என்றார்கள். ஜோக்கின் அற்புதம் போன்றவர்கள் முன்னின்று ஆண்டுக்கணக்காகக் கோர்ட்டுக்கும் டில்லிக்கும் நடந்து காப்பாற்றி வைத்திருந்த காலனி அது. போலீஸ் படை சூழ்ந்து நிற்க, வீடுகளை இடித்து, ஏறத்தாழ 70,000 மக்களை இந்தச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 70,000 பேர் என்றால் ஊர்ப்பக்கம் அது ஒரு நகராட்சி! ஒரு நகரத்தையே பெயர்த்தெடுத்த அந்தச் சங்கதியை உள்ளது உள்ளபடி எழுத எந்த ஏட்டுக்கு அன்று உரிமை இருந்தது? அச்சுக்குப் போகுமுன் தணிக்கை அதிகாரி பார்த்து விட்டதுதான் செய்தி.

அப்போதும் நாட்டில் கோர்ட் இருந்தது, நீதியும் இருந்தது. அதே 1976 பிப்ரவரியில் இதே பம்பாய் உயர்நீதிமன்றம், மினு மசானி தம் பத்திரிகைக்காகப் போட்ட வழக்கில், மாற்றுக் கருத்து என்பதற்காக ஒன்றை வெட்ட தணிக்கை அதிகாரிக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. மூன்றே மாதத்தில் ஜனதா காலனி இடிந்தது. மசானிக்கு வக்கீல் இருந்தார். தெருமுனைப் பத்திரிகைக்கு யார் இருந்தார்? உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பதும், அது நம் கைக்கு எட்டுவதும் வெவ்வேறு. இன்று பேச வந்தது அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

நம்மில் பாதிப்பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். 2017 அக்டோபர் 23ஆம் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கந்துவட்டிக் கொடுமை. மனுமேல் மனு கொடுத்தும் கேட்பாரில்லை. தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள் – நால்வரும் போய்விட்டார்கள். அந்தக் கொடுமையைக் கண்டித்துக் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரையும் ஆடையின்றி, ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு நிற்பவர்களாக வரைந்திருந்தார். முரட்டுப் படம்தான். குழந்தை எரிகிற போது மென்மையாக வரைய வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கலெக்டரின் புகாரின் பேரில் நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் அவரைப் பிடித்து நெல்லைக்குக் கொண்டு போனார்கள். 600 கிலோமீட்டர்! மறுநாளே கோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014இலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலா மேல் போட்ட பிரிவுகள் எதற்கும் தண்டனை ஏழாண்டை எட்டவில்லை. பின்னே எதற்கு அந்த 600 கிலோமீட்டர்? அந்தப் பயணமேதான் தண்டனை, தோழர்களே. தீர்ப்பு பிறகு வரட்டும், ஜாமீன் வரட்டும், விடுதலையும் வரட்டும். வேடிக்கை பார்த்தவன் ஒழுங்காக இருப்பான் என்பது கணக்கு.

உத்தரப்பிரதேசம் மிர்சாப்பூரில் 2019இல் நடந்தது இன்னும் கேவலம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு என்று ரொட்டியும் உப்பும் போட்டதைப் பவன் ஜெய்ஸ்வால் என்ற உள்ளூர் நிருபர் வீடியோ எடுத்தார். உப்பைப் போட்டது சதியில்லையாம், எடுத்துக் காட்டியது சதியாம். வழக்குப் போட்டார்கள். பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்க வேண்டியதுதானே, வீடியோ எதற்கு என்று மாவட்ட அதிகாரியே கேட்டார். சில மாதம் கழித்துப் போலீசே அவர் மேல் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டது. 2022இல் அவர் புற்றுநோயில் இறந்து போனார்.

டில்லி, பம்பாய் ஆசிரியரைத் தொட்டால் மறுநாள் நாடே பேசும். தாலுகா நிருபருக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் பகுதி நேர வேலை. நியமன உத்தரவு கிடையாது. விளம்பரம் பிடித்தால் கமிஷன். தினம் ஒரு செய்தியாவது அனுப்ப வேண்டும், அந்தச் செய்தி கிடைக்கிற இடமோ ஸ்டேஷன். இன்ஸ்பெக்டரைப் பகைத்தால் நாளைக்குச் செய்தியில்லை. அவனைக் கோழை என்று திட்டுவது சுலபம். அவன் நிற்கிற நிலைமையையும் பார்க்க வேண்டும். பல்லடத்தில் 2024 ஜனவரி 24 இரவு, தன்னைச் சிலர் சுற்றி வருகிறார்கள் என்று நியூஸ்7 நிருபர் நேசபிரபு போலீசுக்குப் போன் மேல் போன் போட்டார். உதவி வரவில்லை. அரிவாள் வந்தது. பிறகு இன்ஸ்பெக்டரைக் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றினார்கள். சிலரிடம் போலீஸ் வேண்டாத வேளையில் வருகிறது. சிலரிடம் வேண்டிய வேளையில் வருவதில்லை.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்றால், சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 இரவு. ஊரடங்கில் கடையை மூடவில்லை என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். தரையில் உருண்டு காயம்பட்டார்கள் என்று எழுதி வைத்தது போலீஸ். ஜூன் 22, 23 இரண்டு நாளில் மகனும் தகப்பனும் இறந்தார்கள். ஊர் கடையடைத்தது, செய்தி வெளியே வந்தது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்தது. ஸ்டேஷனையே வருவாய்த்துறை பொறுப்பில் வைக்கச் சொன்னது. தலைமைக் காவலர் ரேவதி என்ற அந்த அம்மாள் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சி.பி.ஐ. 9 போலீசார் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. ஊர் சும்மா இருந்திருந்தால்? உருண்டு விழுந்தார்கள் என்பதுதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் மூன்று மாவட்டத்தில் இண்டர்நெட்டை நிறுத்தினார்களே, அதுவும் இந்த ரகம்தான்.

ஆகவே சில காரியங்கள் சொல்கிறேன், வீட்டில் குறித்து வையுங்கள். நிருபரோ நம் பிள்ளையோ, கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதி, உறவினருக்குச் சொல்ல வேண்டும். இது 1996 டி.கே.பாசு தீர்ப்பு. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டம். கைதுக்கான காரணத்தை எழுத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் சொன்னது, நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில். பத்திரிகைக்காரர் ஒருவர் சிறையிலிருந்து வாங்கிய தீர்ப்பு, பிக்பாக்கெட் என்று பிடிக்கப்படும் நம் பையனுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, ஊரில் நல்லபடி எழுதும் சிறு பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டுங்கள். ஊர்க் கொடைக்குப் பணம் அனுப்புகிறோம், இதையும் அனுப்பலாம். மூன்றாவது, அழைத்தால் ஸ்டேஷனுக்கு நடந்து வரக்கூடிய வக்கீல் ஒருவர் ஒவ்வொரு தாலுகாவிலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால், பெயரையும் போன் நம்பரையும் வாசலில் உள்ள மேஜையில் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சாத்தான்குளம், நாங்குநேரி, திசையன்விளை ஆட்கள் முதலில் வாருங்கள்.