தக்காணத்துக் கரும்பாறையும் நம் பெண்மக்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படியாத இரயில்வே குமாஸ்தா ஒருவன் நிலவியல் பற்றிப் பேச எழுந்தால், சிலருக்குப் புன்னகை வருவது இயல்பே. சென்ற டிசம்பரில் கல்லூரி மாணவ மாணவியர் நிலவியல் சுற்றுலா சென்றபோது, பெற்றோர் சார்பில் பெரியவர் ஒருவர் உடன் செல்லவேண்டும் என்று நம் காலனித் தாய்மார்கள் வற்புறுத்தினர். விடுப்பும் பாஸும் ஒருங்கே கையில் இருந்தவன் நான் ஒருவனே. என் தகுதி அவ்வளவுதான். கண்ணால் கண்டதையும், பேராசிரியர் சொல்லக் கேட்டதையும், அவற்றை என் மகள் எனக்கு விளக்கியவாறே இங்கே கூறுகின்றேன்.

எரிமலை என்றதும் நம் எண்ணம் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் ஓடுகிறது. ஆனால் நாம் குடியிருக்கும் இக்கல்யாண் நகரும், கசாராக் கணவாயும், நாசிக்கும், மன்மாடும் எரிகுழம்பு ஆறி இறுகிய பாறைப் பரப்பின் மேல்தான் அமைந்துள்ளன. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. கூம்பு போன்ற ஒரு மலை வெடித்துக் கக்கியதன்று. நிலம் நெடுகப் பிளந்து, அப்பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி வெள்ளம்போல் பரவிற்று. ஒன்று ஆறியபின் அதன்மேல் மற்றொன்று. தேய்ந்து அழிந்தது போக இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். இங்குள்ள மலைகள் படிப்படியாகக் காட்சியளிப்பதால், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லைக்கொண்டு 'தக்காண டிராப்' என்று இதற்குப் பெயரிட்டனர். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது இப்பாறையிலேதான். இதைக் கேட்கும் திருநெல்வேலிச் சீமையாருக்கு ஓர் ஐயம் எழலாம். இந்நாட்டுக் கரிசல் பெரும்பாலும் இப்பாறை சிதைந்து உண்டான மண். நம் கோவில்பட்டிக் கரிசல் பார்வைக்கு இதன் உடன்பிறப்புப் போல் இருப்பினும், அதற்கு இவ்வெரிகுழம்போடு உறவில்லை.

கசாராவில் நம் வண்டிகளுக்குத் தள்ளு எஞ்சின் மாட்டுவதை அறியாதவர் இங்கு இல்லை. 37 அடிக்கு 1 அடி ஏற்றம் அது. எத்தனையோ முறை அவ்வழியே போயிருக்கிறோம். சீட்டாட்டத்திலோ உறக்கத்திலோ அக்கணவாய் கழிந்துவிடும். பிள்ளைகளோ சன்னலை விட்டு அகலவில்லை. வெட்டுப்பாறையின் கருமைக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடுவதைக் காட்டினர். இகத்புரியில் இறங்கியபின், சாலையோரத்து வெட்டுப்பாறை ஒன்றில் அதனை அருகே நின்று பார்த்தோம். (தண்டவாளத்தின் பக்கம் போக நான் ஒருவரையும் விடவில்லை. விதி விதிதான்.)

அந்தச் செம்பட்டை ஒரு சாண் கனம் இருக்கும். ஒரு குழம்பு வெள்ளம் ஆறிக் கிடந்த நெடுங்காலத்தில், வெயிலிலும் மழையிலும் அதன் மேற்பரப்பு மக்கிச் செம்மண்ணாயிற்று. அடுத்து வந்த குழம்பு அம்மண்ணை மூடிச் சுட்டுவிட்டது. ஆகவே அக்காலம் முழுவதும் ஒரே தீயாக இருந்ததில்லை. இடையிடையே மழை பெய்திருக்கிறது, ஏரி நிறைந்திருக்கிறது, தவளையும் கத்தியிருக்கிறது. கதையன்று, மும்பை வொர்லியில் இத்தகைய இடைப்படிவில் கிடைத்த சிறு தவளைகளின் எலும்புகளை 1847-இல் ஓவன் என்ற ஆங்கில அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் காலனிப் பெண்ணொருத்தி அப்பட்டையின்மேல் விரல் வைத்துக் கால் நாழிகை பேசாமல் நின்றாள். வீட்டில் அவள் வாய் ஓய்ந்து நான் கண்டதில்லை.

அங்கிருந்து ஜால்னா வரை இரயில். பின்னர் பேருந்தில் புல்டாணா மாவட்டத்து லோணார். பயிர் நிலத்தின் நடுவே நிலம் திடீரென்று உள்வாங்கி, 1.8 கிலோமீட்டர் அகலமும் 150 மீட்டர் ஆழமும் உள்ள வட்டப் பள்ளமாகிறது. அடியில் ஏரி, சுற்றிலும் காடும் பாழடைந்த கோயில்களும். லவணாசுரனைத் திருமால் வதைத்த இடம் என்பது ஊரார் நம்பிக்கை. எரிமலையின் வாய் என்றே அறிஞர் பலரும் நெடுங்காலம் கருதினர். 1973-இல் வெளியான ஆராய்ச்சிதான், பேரதிர்ச்சியால் மட்டுமே உண்டாகும் கண்ணாடிப் பொருளை இப்பாறையில் கண்டு, விண்கல் மோதிய பள்ளம் என்று நிலைநாட்டியது. எரிமலைப் பாறையில் இத்தகைய பள்ளம் உலகில் மிக அரிது. சந்திரனின் பள்ளங்களை ஆராய்வோரும் இதனை நாடுவது அதனால்தான். நீர் உப்பும் காரமும் கலந்தது. மாணவியர் தோய்த்த சிவப்பு லிட்மஸ் தாள் நொடியில் நீலமாயிற்று. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால் 2020 ஜூனில் ஏரி முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

கரையேறும்போது ஒரு பெண்ணின் கால் பிசகியது உண்மை. இதை மறைக்கலாகாது, அவள் அன்னையார் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தோழியர் இருவர் தோள் கொடுக்க ஏறி வந்தாள். அன்றிரவே உள்ளூர் வைத்தியர் கட்டுப் போட்டார். மறுநாள் அவளை அறையில் இருக்கச் சொன்னோம், கேட்கவில்லை. பேருந்தில் அமர்ந்தபடியே குறிப்பேட்டை முடித்தாள்.

இவ்வளவும் கூறுவதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டுப் பட்டியலிலிருந்து நம் காலனிப் பெண்கள் இருவரின் பெயர் நீக்கப்பட்டுள்ளதாக அறிகிறேன். நான்கு இரவு வெளியே தங்குவதா, கல்லைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, வரன் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பன காரணங்களாம். பெண்ணைப் பெற்றவன் நானும். இரவு தங்கலைப் பற்றிய கவலை நியாயமானதே. பெண்களுக்குத் தனிக் கட்டடம், உடன் விரிவுரையாளர் அம்மையார் இருவர், நாளுக்கு மூன்று முறை தலை எண்ணிக்கை, நானே எண்ணினேன். கல்லைப் பற்றிய கேள்விக்குத்தான் எனக்குச் சினம் வருகிறது. இச்சுற்றுலாவின் குறிப்பேடு இன்றிச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் இல்லை. நிலவியலில் சேர்த்துவிட்டுப் பாறையைப் பார்க்காதே என்பது, நீச்சலுக்கு அனுப்பித் தண்ணீரைத் தொடாதே என்பது போலாம்.

நம் இரயில்வேயின் வரலாற்றிலேயே ஒரு செய்தி உண்டு. போர் கணவாயில் இதே கரும்பாறையை உடைத்துப் பாதை போட ஒப்பந்தம் எடுத்த சாலமன் டிரெட்வெல் என்பார், 1859-இல் இந்நாடு வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஊர் திரும்பிவிடவில்லை. ஒப்பந்தத்தைத் தாமே ஏற்றுப் பொறியாளர்களைக் கொண்டு நடத்தினார். ஆயிரக்கணக்கான கூலியாளர் விபத்திலும் கொள்ளை நோயிலும் மடிந்த வேலை அது. 1863-இல் அப்பாதை திறக்கப்பட்டது. புனே செல்லும் நம் வண்டிகள் இன்றும் அக்கணவாயின் வழியேதான் ஏறுகின்றன.

நீக்கிய பெயர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பேராசிரியர் இசைந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை வரை தவணை. இம்முறை என் மனைவியும் உடன் வருவதாக இருக்கிறாள். ஐயம் உடைய தாய்மார்கள் விழா முடிந்ததும் அவளிடமே கேட்கலாம். சாப்பாட்டுப் பந்தியின் இடப்புறம் இருப்பாள்.