மாமைற் உண்ணும் முறை

யாழ்ப்பாணத்து அடுக்களைகள் பலவற்றிலே, மிளகுப் போத்தலுக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் இடையில், வயிறு பருத்த கரிய போத்தல் ஒன்று குந்தியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். உள்ளே இருப்பது தேனைப்போல் இழுபடும், ஆனால் இனிக்காது. அதுவே மாமைற். அதனை விலை கொடுத்து வாங்கியவர் பலர். உண்ணத் தெரிந்தவர் அத்தனை பேரல்லர்.

நல்லூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்த இளைய மகன் இரண்டு போத்தல்களை மேசைமேல் வைக்கிறான். ஒன்று இங்கிலாந்து மாமைற்; மற்றையது மெல்பேணிலுள்ள தமக்கை கொடுத்தனுப்பிய வெஜிமைற். வீட்டிலே மூத்த மருமகளுக்கு ஆறாம் மாதம். சோறு கண்டாற் குமட்டுகிறது, முகம் வெளிறியிருக்கிறது. “அண்ணிக்கு நல்லது” என்கிறான் மகன். அந்தச் சொல்லோடு வழக்குத் தொடங்குகிறது.

முதலிற் கெட்டவன் பேரன். பாண் துண்டிலே பழப்பாகு பூசுவதுபோல் விரற்கடைத் தடிப்பிற் பூசிக் கடித்தான். கடித்தவன் கிணற்றடிக்கு ஓடினான். மாமைற்றை வெறுப்போரிற் பெரும்பாலார் இவ்வாறே வெறுத்தவர்கள். எலுமிச்சை ஊறுகாயை அகப்பையால் அள்ளி உண்டுவிட்டு ஊறுகாயைப் பழிப்பார் உண்டோ? இங்கிலாந்துச் சரக்கிலே பத்திலொரு பங்களவு உப்பு. வெண்ணெய் பூசிய சூட்டுப் பாணில், கத்தி முனையால் தொட்டெடுத்து, நிறம் மட்டும் ஏறுமளவிற்குத் தேய்த்தல் வேண்டும் என்பது இளைய மகனின் கட்சி. வெஜிமைற் சற்று இறுகிய களியாதலாற் பூசுதற்கு இலகு. மாமைற் நூலாய் இழுபட்டுக் கத்தியோடு மல்லுக்கட்டும். வேறுபாடு அவ்வளவே என்கிறான் அவன். ஆசுத்திரேலியர் எவரும் இதனை ஒப்பமாட்டார்.

மாமியாரின் ஐயம் வேறு. மூடியைத் திறந்து மணந்து பார்த்தவர், “இது இறைச்சிச் சாறு அல்லவோ, தம்பி? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறாய்” என்றார். அவரைக் குறைகூற முடியாது. மாட்டிறைச்சிச் சாறாகிய பொவ்றிலும் இதே நிறம், இதே பருத்த போத்தல். மணமும் கிட்டத்தட்ட அதுவே.

ஆயினும் மாமைற்றில் இறைச்சி இல்லை. அது மதுவத்தின் சாறு. பியர் வடிக்கும்போது சர்க்கரையை மதுவாக்கும் நுண்ணுயிர் மதுவம். வேலை முடிந்ததும் வண்டலாய் எஞ்சுவது. அதனைச் செறிவாக்கி உண்ணலாம் எனக் காட்டியவர் யேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக். 1902இல் இங்கிலாந்தின் பேட்டன் நகரிலே, மதுச்சாலைகளின் அருகில், மாமைற் தொழிற்சாலை எழுந்தது. மதுவத்தோடு உப்பைச் சேர்த்துச் சூடாக்க, அதன் கலங்கள் சுருங்கி, தம்முள் இருக்கும் நொதியங்களாலே தம்மைத் தாமே சமிக்கச் செய்கின்றன. கோதை வடித்தகற்றிச் சாற்றை வற்றக் காய்ச்சுகின்றனர். புரதம் உடைந்து பிறக்கும் சுவையே இறைச்சியின் சுவைபோல் நாவை ஏமாற்றுகிறது. மாமைற் என்பது பிரெஞ்சு மொழியில் மூடியுள்ள சமையற் பானையின் பெயர்; அப்பானையின் படத்தைப் போத்தலிலே காணலாம்.

“அப்படியானால் தவறணைக் கழிவா?” என்றார் மாமியார். இதற்கு விடை சொன்னவர் திண்ணையில் இருந்த அப்பு. “அப்பத்துக்குப் புளிப்பு எதிலிருந்து வந்தது? பனங்கள்ளு விட்டுத்தானே உன் தாயார் மாப் புளிக்க வைத்தார்?” முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டாற் கள். கள்ளை நுரைக்கச் செய்வதும் மதுவமே. குடிப்பதைப் பழித்த வீடுகளிலும் அப்பத்தைப் பழித்தார் இலர். மாமியார் மறுமொழி கூறாது போத்தலை மூடிவைத்தார். அது சம்மதமன்று; ஆனால் எறியவுமில்லை.

கருவுற்றவளுக்கு நல்லது என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கடும் இரத்தசோகையால் வெளிறி, பலர் மாண்டனர். அவர்களின் உணவை ஆராய்ந்த வில்ஸ், கீரையும் பழமும் புரதமும் குறைந்திருப்பதைக் கண்டார். அதே வகையான உணவால் நோயுற்ற குரங்குகளிற் பரிசோதித்தபோது, விலை மலிந்த மாமைற் அவற்றைத் தேற்றியது, பெண்களையும் தேற்றியது. 1931இல் அவர் இதனை வெளியிட்டார். சாற்றில் உள்ள பொருள் இன்னதென்று அன்று எவருக்கும் தெரியாது. ‘வில்சின் காரணி’ என்றே வழங்கினர். 1941இற் பசளிக் கீரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ‘போலிக் அமிலம்’ எனப் பெயரிட்டனர். பின்னர் 1945இல் அதனைச் செயற்கையாய் ஆக்கிய அமெரிக்க ஆய்வுகூடத்தை நெறிப்படுத்தியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற சுப்பாராவ்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. சூரியமல் இயக்கத்தார் நிவாரணத்துக்குச் சென்றபோது, பட்டினியால் மெலிந்த உடலில் மருந்து மட்டும் போதாது என்பதை மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க உணர்ந்தார். மாமைற்றை நாட்டு வைத்தியரின் குளிகைபோல் உருட்டிக் கொடுத்தனர். போத்தலிற் கொடுத்திருந்தால் எத்தனை கிராமத்தவர் தொட்டிருப்பரோ! குளிகை வடிவில் அதற்கு மரியாதை உண்டாயிற்று.

இன்று கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்கிலே போலிக் அமில மாத்திரை கிடைக்கிறது. ஆகையால் மாத்திரையை விட்டுப் போத்தலை நம்புதல் பேதைமை. இரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கு உப்பு மிகுதியும் கேடு. மரக்கறி மட்டுமே உண்பவர் இன்னொன்றையும் அறிதல் நன்று. பன்னிரண்டாம் ‘பி’ உயிர்ச்சத்து மதுவத்தில் இயல்பாய் இல்லை, தொழிற்சாலையிற் சேர்ப்பது. போத்தலின் ஒட்டுத்தாளைப் படித்தே அதனை நம்பவேண்டும். போலிக் அமிலத்துக்கோ முருங்கையிலை வறையும் பயறும் வேலிக்குள்ளேயே உள்ளன.

பிறகு மாமைற் எதற்கு? உணவு செல்லாத நாவுக்கு. இங்கேதான் அப்புவின் கட்சி வெல்கிறது. பாணும் வெண்ணெயும் ஆங்கிலேயனுக்குச் சரி. குமட்டும் வயிற்றுக்கு வெண்ணெய் ஆகாது. கோப்பை வெந்நீரிலே அரைத் தேக்கரண்டி கரைத்து, மிளகு தூவி, தேசிக்காய் பிழிந்து, மெல்லிதாய் அரிந்து வதக்கிய வெங்காயம் இட்டால், இரசத்துக்கு அண்டை வீட்டுக்காரனாகிய ஒரு பானம் கிடைக்கிறது. இலங்கையின் பல பகுதிகளிலும் இம்முறை வழக்கில் உண்டு. கொழும்பிலே முதனாள் இரவு மது மிஞ்சியவர்கள் காலையில் இதனைத் தேடுவர் என்பதை அப்பு மாமியாருக்குச் சொல்லவில்லை.

மருமகள் முதல் நாள் மூன்று வாய் குடித்தாள். இரண்டாம் நாள் கோப்பை வெறுமையாயிற்று. அதன்பின் சிறிது கஞ்சியும் சென்றது. நான்காம் நாள் அடுக்களையிற் போத்தலைத் திறந்தவர் மாமியாரே. கஞ்சிக்குள் ஒரு துளி விட்டுக் கலக்கியும் பார்த்தார். இளைய மகன் இடியப்பச் சொதியில் அதனைக் கரைத்த முயற்சி மட்டும் தேங்காய்ப்பாலையும் கெடுத்தது, சொதியையும் கெடுத்தது.

இப்போது அந்த வீட்டில் எஞ்சியுள்ள வழக்கு ஒன்றே. தேசிக்காயை நீர் கொதிக்கும்போதே பிழியலாம் என்கிறார் அப்பு. கொதியிற் பிழிந்தாற் கைக்கும், இறக்கி ஆறவிட்டே பிழியவேண்டும் என்கிறார் மாமியார். கோப்பை அவர் கையில் இருப்பதால், ஆறிய பின்னரே பிழியப்படுகிறது.