கருவறையிற் கண்ட உறவு
(நோட்டன் பிரிட்ஜ் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒருவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்து, மாற்றுச் சிறுநீரகம் வைக்கவேண்டும் என்று வைத்தியர் கூறிவிட்டால், அன்றிரவே அந்த வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. யார் கொடுப்பது? அம்மாவா, அண்ணனா, தங்கையா? பெரும்பாலும் அம்மாதான் முதலில் முன்வருவார். “பெற்றவளுடையது பிள்ளைக்குச் சேராமற் போகுமா?” என்பார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பாசம் என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

மாங்கன்றிலே வேறு மரத்தின் கொப்பை ஒட்டினால் அது தழைத்துக் காய்க்கிறது. மனித உடல் அப்படியன்று. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி, கிளாஸ்கோ நகரில், தீப்புண் பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய சொந்தச் சகோதரனின் தோல் ஒட்டப்பட்டதைக் கவனித்தார். அந்தத் தோல் சில நாட்கள் இருந்து அழிந்தது. மறுமுறை ஒட்டியதோ இன்னும் விரைவாக அழிந்தது. உடல் அந்நியனை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். இந்தக் காவற்சக்தியைத்தான் நிர்ப்பீடனம் என்கிறோம்.

தேயிலைச் சிப்பத்தின் மேல் தோட்டத்தின் ‘மார்க்’ இருப்பதுபோல, நம் உடலின் கலங்களின் மேலும் அடையாளங்கள் உண்டு. எச்.எல்.ஏ. என்பது அவற்றுள் முக்கியமானது. ஒரே தாய்ச்செடியின் தண்டை நட்டு வளர்த்த வீ.பி. தேயிலைபோல, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இருவருக்கும் ஒரே மார்க். ஆகவேதான் 1954 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஜோசப் மறே அத்தகைய இரட்டையரிடையே சிறுநீரகத்தை மாற்றி வெற்றி கண்டார். மற்ற நாமெல்லாம் விதைத் தேயிலை. ஒன்றைப்போல் ஒன்று இராது. எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்த பின்னரே 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், 1985இல் நமது கொழும்பிலும் இந்தச் சத்திரசிகிச்சை கைகூடிற்று.

இனி ஒரு சிறு கணக்கு. இளைஞர்கள் கவனிக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் எச்.எல்.ஏ. தொகுதி இரண்டு, ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. தாயிடம் உள்ளவை சிவப்பு, மஞ்சள் என்றும், தந்தையிடம் உள்ளவை நீலம், பச்சை என்றும் வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்குச் சிவப்பும் நீலமும் வந்தன. தம்பிக்கு மஞ்சளும் நீலமும். தங்கைக்குச் சிவப்பும் பச்சையும். மூத்தவனுக்குச் சிறுநீரகம் தேவை. தம்பியும் பாதி பொருந்துகிறான், தங்கையும் பாதி பொருந்துகிறாள். இருவரும் சமந்தானே என்று எவரும் சொல்வர். வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினர்.

ஆனால் மூத்தவன் பத்து மாதம் எங்கே இருந்தான்? சிவப்பும் மஞ்சளும் உடைய தாயின் வயிற்றில். மஞ்சள் அவனுக்குப் பிதிரார்ச்சிதமாக வரவில்லை. எனினும் அதனோடு குடியிருந்தான். தாயின் கலங்கள் சில நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலுக்குள் புகுகின்றன. பிள்ளை வளர்ந்து ஆளான பின்னும் அவற்றிற் சில உயிரோடிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். 2008இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொன்றையும் காட்டினர். இக்கலங்களைச் சந்திக்கும் சிசுவின் உடல், அவற்றைத் தாக்காதபடி தடுத்து நிறுத்தும் தனிக் காவற்கலங்களை வளர்த்துக்கொள்கிறது என்பதே அது.

இவ்வழியில் முதலில் சிந்தித்தவர் ரே ஓவன். ஒரே கருப்பையில் இரத்தம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், பிறந்த பின்னும் ஒன்றின் இரத்தக் கலங்களை மற்றொன்று தாங்கிக்கொள்வதை 1945இல் எழுதினார். மெடவாரும் தோழர்களும் 1953இல் எலிக் கருவுக்கு வேறு எலியின் கலங்களைச் செலுத்தி, அது வளர்ந்தபின் அந்த எலி இனத்தின் தோலை ஏற்கச் செய்தனர். 1960இல் மெடவாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மனிதரிடத்தில் இதனைத் தெளிவாகக் காட்டியது ஒல்லாந்தின் லெய்டன் நகர்க் குழு. பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட சிறுநீரக நோயாளரிற் பலர், தந்தையிடமிருந்து தமக்கு வராத அடையாளங்களை எதிர்த்தனர். தாயிடமிருந்து வராதவற்றை எதிர்க்காமல் விட்டனர். இது 1988இல் வெளிவந்தது.

பிரகலாதன் தாய் வயிற்றிலேயே உபதேசம் கேட்ட கதையை நீங்கள் நினைப்பீர்கள். யானைமுகத்தானே முதல் அங்கமாற்று என்று மேடைகளில் முழங்குவோரும் உளர். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. புராணம் புராணமாகவே இருக்கட்டும். ஆயினும் ஓர் உவமை வேண்டுமானால் பிரகலாதனைவிட அபிமன்யுவே பொருத்தம். அவன் கருவிற் கேட்டது பாதிப் பாடம்.

ஏன் பாதி என்கிறேன்? 1998இல் பேர்லிங்ஹாம் என்பவரும் அவரது கூட்டாளிகளும், உடன்பிறந்தாரிடம் பாதிப் பொருத்தமான சிறுநீரகம் பெற்றவர்களை ஆராய்ந்தனர். நமது உதாரணத்தில் தம்பியைப்போல, தாயின் மஞ்சளைக் கொண்டவர் கொடுத்த சிறுநீரகங்களில் 5 ஆண்டின் பின் நூற்றுக்கு 86 வேலை செய்தன. 10 ஆண்டின் பின் 77. தங்கையைப்போல, தந்தையின் பச்சையைக் கொண்டவர் கொடுத்தவற்றில் முறையே 67, 49. பெரிய வித்தியாசம். ஆனால் அதே ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய தொடக்க காலத்தில் எதிர்ப்பு அதிகம் தோன்றியது தாயின் அடையாளம் வந்த பக்கத்தில்தான்! உடல் முதலிற் சண்டையிட்டது. மருந்தால் அந்தச் சண்டை அடங்கிய பின் பழைய உறவை ஏற்றது போலும்.

தாய்ப்பாலிலும் தாயின் கலங்கள் உண்டு. பால் குடித்து வளர்ந்தவருக்குத் தாயின் சிறுநீரகம் நன்றாக இயங்கியது என்று 1980களில் ஆய்வுகள் வெளிவந்தன. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து பால் கொடுத்த நம் தாய்மாருக்கு இது இனிக்கும். ஆனால் இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

தாயின் சிறுநீரகமே எப்போதும் சிறந்தது என்றும் இதனால் நிறுவப்படவில்லை. இரத்த வகை, இரத்தக் கலப்புப் பரிசோதனை, கொடுப்பவரின் வயது, சீனி, பிரஷர் எல்லாம் பார்த்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். தாய்க்குப் பிள்ளையோ கணவனோ கொடுக்கும்போது நிலைமை தலைகீழ். கர்ப்பகாலத்தில் தந்தையின் அடையாளங்களைக் கண்ட தாயின் உடல், அவற்றை எதிர்க்கப் பழகியிருக்கக்கூடும். இன்னொன்றையும் பெரியோர்கள் மன்னித்துக் கேட்கவேண்டும். பெற்றவள்தானே என்று, மலைக்குப் போய்ப் பேர் போட்டுக் குடும்பத்தைத் தாங்குகிறவளை நெருக்குவது நியாயமன்று. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் கொடுப்பவரின் சம்மதத்தையே கேட்கிறது.

“அம்மாவுடையதுதானே, ஒன்றும் செய்யாது” என்று மாத்திரையை நிறுத்துகிறவரும் அபாயத்தையே தேடுகிறார். கருவறைப் பாடம் மாத்திரைக்குப் பதிலாகாது. அது மாத்திரைக்குத் துணை மட்டுமே.

தம்பியும் தங்கையும் மற்றெல்லா வகையிலும் சமமாக நிற்கும் வீட்டில்தான் இவ்வறிவு நேராகப் பயன்படலாம். எந்த அடையாளம் தாய் வழி, எந்த அடையாளம் தந்தை வழி என்பதைப் பிள்ளைகளின் இரத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தாய் தந்தையர் இருந்தால், அவர்கள் கொடுக்கும் நிலையில் இல்லாவிடினும், அவர்களுடைய இரத்தத்தையும் ஒருமுறை பரிசோதிக்கலாமா என்று கண்டியிலோ கொழும்பிலோ உள்ள வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.